எதிரொலிக்குக் காத்திருந்தவர்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையின் கிழக்கே, சோலை நகர்க் கடற்கரை மணலில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒரு மனிதருக்கு, கடலும் ஆகாயமும் கூடுகிற கோடு எல்லையற்ற தூரத்தில் இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. பூமி உருண்டையாயிருப்பதால் வந்த விளைவு இது. ஒரு குன்றின் மேல், கடல்மட்டத்திற்கு 30 மீட்டர் உயரத்தில் நிறுத்திய ரேடார் ஆன்டெனாவோ, 3,000 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் விமானத்தை 200 கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்டுகொள்ளக்கூடும். அதே விமானம் தாழ்ந்து 50 மீட்டர் உயரத்தில் வருமானால், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நெருங்கும்வரை அதன் சுவடே தெரியாது. கடற்கரைக் காவலின் கணக்கு முழுவதும் இந்தச் சாதாரண வடிவகணிதத்தில் அடங்கியிருக்கிறது.

1942-ஆம் வருஷத்து வங்காள விரிகுடாவில் இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 23-ல் அந்தமான் ஜப்பானியர் வசமாயிற்று. 1940 செப்டம்பரிலேயே கவர்னர் போன்வென் தலைமையில் தெகோலின் சுதந்திர பிரான்ஸோடு சேர்ந்துவிட்ட புதுச்சேரியும், அதைச் சூழ்ந்திருந்த பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரே அச்சத்தோடு கிழக்கை நோக்கியிருந்தன. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தபின், சென்னையிலிருந்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டுக்கு மாறின. மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. வராத கப்பற்படைக்குப் பயந்து ஒரு மாநகரம் காலியானதற்கு, அப்போது கடலில் நடப்பதை உறுதியாகச் சொல்லுவாரில்லாமற் போனதே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிருந்து தெற்கே, நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் திருகோணமலையில், அவ்வாறு சொல்லக்கூடிய ஒரு நிலையம் அந்த நாட்களில்தான் எலிசபெத் முனையில் நிறுவப்பட்டிருந்தது. ரகசியம் காக்கும்பொருட்டு அக்காலத்துப் பிரிட்டிஷ் விமானப்படை தன் ரேடார் நிலையங்களுக்கெல்லாம் ‘விமான அமைச்சின் பரிசோதனை நிலையம்’ என்று பெயரிட்டு இலக்கம் கொடுத்திருந்தது, இது 272-ஆவது. இதன் தோழியான 254-ஆவது நிலையம் கொழும்பில், ரிட்ஜ்வே கோல்ஃப் மைதானத்தில், மார்ச் மாதக் கடைசியில்தான் வேலையைத் தொடங்கியிருந்தது.

ரேடார் வேலை செய்யும் விதம் சொல்லுவதற்கு எளிது. ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ரேடியோ அலையைச் சிறு துணுக்குத் துணுக்காக அனுப்பி, எதிரிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்புவது எப்போது வருகிறதென்று அளந்தால், போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். விமானத்தில் பட்டு அலை திரும்பும் என்பதை ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் 1935 பிப்ரவரி 26-ல், டாவென்ட்ரி வானொலி நிலையத்தின் அலையைக் கொண்டே நிரூபித்துக் காட்டினார்கள். இந்த வித்தை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். அதே வருஷம் ‘நோர்மாந்தி’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் பனிப்பாறைகளைக் கண்டுபிடிக்கும் ரேடியோக் கருவி பொருத்தப்பட்டது, அதைச் செய்த குழுவைச் சேர்ந்த மொரிஸ் போந்த், பிரான்ஸ் வீழ்வதற்குச் சற்று முன்பு, 1940 மே மாதத்தில், தங்கள் ஆராய்ச்சியின் பலனான, குறுகிய ரேடியோ அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழாய்களை லண்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரெஞ்சு ஆட்சியை அனுபவித்த நம் ஊரார் இதை நினைவில் வைப்பது நியாயம்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நாள். முந்தின நாளே லெனார்ட் பெர்ச்சல் என்ற கனடிய விமானி, கட்டலினா விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தார். ஆகவே எதிரி வருவது தெரியும். அப்படியிருந்தும் கொழும்பின் ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானை விமானத்தளத்தில் நின்ற ஹரிக்கேன் விமானங்கள், தலைக்குமேல் பகைவர் விமானங்களைக் கண்ட பிறகே அவசர அவசரமாக எழும்பின. திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் ஒன்றுவிடாமல் அழிந்தன. கருவி புதிது, காவல் மாறும் வேளை, பழுதுபார்க்கும் நேரம், மலைகளிலிருந்து வந்த எதிரொலிகளின் குழப்பம் என்று சரித்திர ஆசிரியர்கள் காரணங்கள் பல கூறியும் இன்றுவரை ஒருமனப்படவில்லை.

நான்கே நாட்கள் கழித்து, ஏப்ரல் 9 காலை 7 மணி 6 நிமிஷத்திற்கு, எலிசபெத் முனையின் திரையில் ஒரு விமானப் பெருங்கூட்டத்தின் எதிரொலி எழுந்தது. தூரம் 91 மைல், அதாவது சுமார் 146 கிலோமீட்டர். அந்த எதிரொலி போய்வர எடுத்துக்கொண்டது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது சம்பாதித்துக் கொடுத்ததோ இருபது நிமிஷத்திற்கு மேற்பட்ட அவகாசம். திருகோணமலையருகே சீனன்குடாவிலிருந்த 261-ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் உயரம் பிடித்துக் காத்திருந்தன. தாக்குதல் தடுக்கப்பட்டுவிடவில்லை, துறைமுகமும் விமானத்தளமும் பலத்த சேதமடைந்தன, ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டிகளில் ஒன்றின்மேல் விழுந்ததில் நாட்கணக்கில் தீ எரிந்தது. முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் மூழ்கியது; காக்கவேண்டிய விமானங்கள் நேரத்திற்குப் போய்ச் சேரவில்லை. ரேடார் கண்டது ஒன்று, கண்டதைத் தொலைபேசியில் கேட்டவர் செய்ய முடிந்தது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்தான் அன்றைய உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு வருஷத்தில் மீதியிருந்த எட்டு மாதங்களும் எப்படிக் கழிந்தன? எதிரிக் கப்பற்படை திரும்பி வரவேயில்லை. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, ஜூன் மாதம் மிட்வே தீவருகே மூழ்கிப்போயின. ஆனால் அதை நம்பி எந்த நிலையமும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப்போக முடியுமா? இருட்டாக்கப்பட்ட குடிசைக்குள் கதோட் குழாயின் பச்சை ஒளியைப் பார்த்துக்கொண்டு ஒருவர், அவர் சொல்லும் தூரத்தையும் திசையையும் எழுதிக்கொள்ள ஒருவர், தொலைபேசியில் ஒருவர், வெளியே ஓயாமல் உறுமும் ஜெனரேட்டருக்கு ஒருவர் என்று இரவும் பகலும் முறைபோட்டு நடந்ததுதான் இத்தகைய நிலையங்களின் வாழ்க்கை. கொசுவும் மலேரியாவும் ஒரு பக்கம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் கம்பிச்சுருளின் காப்புறைகளில் பூஞ்சைக் காளான் படர்ந்து மின்சாரம் கசிவது மறுபக்கம். இங்கிலாந்தின் குளிருக்கென்று செய்த கருவிகளை உஷ்ணப் பிரதேசத்திற்குப் பக்குவப்படுத்துவதே யுத்தகாலத்தில் ஒரு தனி சாஸ்திரமாக வளர்ந்தது.

இவை எல்லாவற்றினும் எளிதில் கெட்டுப்போகக்கூடிய பாகம் காவலாளியின் கவனம். அபூர்வமாகவே தோன்றும் ஓர் அடையாளத்திற்காக மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் ரேடார்காரர்கள் கண்ணெதிரே வந்ததையும் தவறவிடுவதேன் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் கேள்விக்கு விடைகாண, கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகாரத்தைச் செய்தார். எண்களில்லாத வெண்முகத்தில் அதன் முள் ஒரே சீராகத் துள்ளித் துள்ளிச் செல்லும். எப்போதோ ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டவுடன் ஒரு விசையை அழுத்தவேண்டும். இரண்டு மணி நேரப் பரீட்சையில், முதல் அரைமணி கழிந்தவுடனே தவறுகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன என்பதை 1948-ல் அவர் வெளியிட்டார். சோம்பலோ அசட்டையோ காரணமல்ல, மனித மூளையின் இயல்பே அது. கொழும்பில் அந்த ஞாயிறு காலை திரைமுன் இருந்தவர்களை எளிதில் பழிப்போர் இந்தக் கடிகாரத்தின்முன் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

பருவங்களும் தம் பங்குக்கு விளையாட்டுக் காட்டின. கோடையில் நிலத்திலிருந்து வீசும் உலர்ந்த காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் போர்வைபோல் படரும்போது, ரேடியோ அலை வானத்துக்குத் தப்பிவிடாமல் பூமியின் வளைவோடு வளைந்து ஓடும். அப்படிப்பட்ட நாட்களில் பம்பாய்ப் பக்கத்து ரேடாரொன்று, ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரையையே கண்டது. இது லாபமென்று சந்தோஷப்பட முடியாது. அவ்வளவு தொலைவிலிருந்து திரும்பும் எதிரொலி, அடுத்த துணுக்கு புறப்பட்ட பின்பு வந்துசேருவதால், பக்கத்தில் ஏதோ வருவதாகத் திரையில் பொய்க்கோலம் காட்டும். மழைக்காலம் பிறந்ததும் அரேபியா மறைந்துவிட்டது.

1940-ல் ரேண்டல், பூட் என்ற விஞ்ஞானிகள் பர்மிங்காமில் செய்த புதுவகை மேக்னெட்ரானால் அலைநீளம் பத்துச் சென்டிமீட்டராகக் குறுகியபோது, மழைத்துளிகளும் எதிரொலிக்கத் தொடங்கின. விமானம் தேடியவர்களுக்கு அது தொல்லை. வானிலை நிபுணர்களுக்குப் புதையல். 

நம் கரைக்குப் புயல் வருகையில் இப்போது காவல்காப்பவை, அந்த யுத்தக் கருவியின் சந்ததியான சென்னை, காரைக்கால் வானிலை ரேடார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 48 செ.மீ. மழையைக் கொட்டியதை முத்தியால்பேட்டைவாசிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ரேடார் காண்பதை வானிலைத் துறை யாவரும் பார்க்கும்படி உடனுக்குடன் வெளியிடுகிறது; ஐப்பசி பிறந்துவிட்டால், சோலை நகரிலும் வைத்திக்குப்பத்திலும் படகை இறக்குமுன் வீட்டிலுள்ள பிள்ளைகளில் ஒருவரையாவது அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லும்படி பழக்குங்கள்.