சேலைகளுக்கு அடியில் ஒரு சீட்டு



எங்கள் மத்ரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார், பாடவேளை முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னரும் போகாமல் வாசற்படியருகே நின்று கொண்டிருந்தார். என்னவென்று விசாரித்தேன். நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. கருப்பை வாய்ப் பரிசோதனையில் 'பாஸிட்டிவ்' என்று எழுதி, மேல் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு குறித்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். நான்கு மாதங்கள் கடந்துவிட்டிருந்தன.

"பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன் லாத்தா. கேன்சர் என்றுதானே அர்த்தம்? மாமிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? அவரோ சவூதியில் இருக்கிறார். இது கணவன் மனைவி உறவால் வருவது என்று பக்கத்து வீட்டில் பேசிக் கொள்கிறார்கள்" என்று கூறும்போதே அவருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

நான் கலைப் பட்டதாரி. மருத்துவம் படித்தவள் இல்லை. எனவே மறுநாளே அவரை அழைத்துக் கொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் சென்றேன். அங்கே அறிந்து கொண்டவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அந்தச் சீட்டு புற்றுநோய்ச் சீட்டன்று. நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது காடியில் உள்ள புளிப்பை, கருப்பை வாயில் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். வெண்படலம் தோன்றினால் 'பாஸிட்டிவ்' என்பார்கள். சாதாரண அழற்சி இருந்தாலும் அவ்வாறு வெளுக்கக்கூடும். நமது திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களுக்கு இப்பரிசோதனை செய்தார்கள். 3,088 பேருக்கு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, 'பாஸிட்டிவ்' என்று வந்தது. மேல் பரிசோதனை செய்தபோது அவர்களில் பலருக்குக் காணப்பட்டவை புற்றுக்கு முந்தைய மாறுதல்களே. அவற்றிலும் முதல் நிலையில் உள்ளவை பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடுகின்றன. இத்திட்டம் நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணங்கள், நடைபெறாத ஊர்களைவிட நூற்றுக்கு 35 குறைந்ததாக 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் மாறுதல் கண்டறியப்பட்ட பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 72 பேர்தாம். மீதி 28 பேரும் என்ன காரணத்தால் நின்றுவிட்டார்களோ! சேலைகளுக்கு அடியில் கிடந்த அந்தச் சீட்டைப் பார்த்தவளுக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை நியூஸிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரம் துயரத்துடன் கண்டிருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் முற்றிய நிலை மாறுதல் இருந்த பெண்கள் சிலரை, முறையான சிகிச்சை அளிக்காமல் வெறுமனே கண்காணித்து வந்தார்கள். 1988-இல் நீதி விசாரணை அறிக்கை இதனை வெளிப்படுத்திற்று. அவ்வாறு விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களிலோ நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நோய் மெதுவாக நடப்பதால் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆறப் போட்டுவிடவும் கூடாது.

இனி, அச்சகோதரி வாய்விட்டுக் கேட்க அஞ்சிய கேள்வி. இம்மாறுதல்களுக்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். இதனைக் கண்டறிந்த ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் வழியே பரவுவது உண்மையே. எனினும் இது மிக மிகச் சாதாரணமாகக் காணப்படும் கிருமி. பெரும்பாலோரின் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும்; சிலரிடத்தில் பல்லாண்டுகள் ஓசையின்றித் தங்கியும் இருக்கும். எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. ஆகவே இதனை வைத்து மனைவியையோ கணவரையோ சந்தேகிப்பது பெரும் அநீதி. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்கள் இவ்வரிகளை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

மேல் பரிசோதனைக்குக் 'கால்போஸ்கோப்பி' என்று பெயர். உருப்பெருக்கிக் காட்டும் அக்கருவி உடலுக்கு வெளியேதான் நிற்கும். சந்தேகமான இடத்தில் அரிசி மணியளவு சதையைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள், இதுவே பயாப்ஸி. சுருக்கென்று வலிக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பின்னர் ஓரிரு நாட்கள் இரத்தம் கசியலாம். அது காயத்தின் இரத்தம், ஹைளு அன்று, தொழுகை கடமையாகவே இருக்கிறது. சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு தொழுகையின் நேரம் வந்த பின்னும் உளூச் செய்து தொழுது கொள்ள வேண்டும். என்னிடம் ஓதும் பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பெண் மருத்துவர் இல்லாத ஊரில், நிர்ப்பந்தத்தின் நிமித்தம் ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. துணைக்கு ஒருவரை வைத்துக் கொள்ளலாம்.

முடிவு வரப் பத்து நாட்களாயின. பரிசோதனையைவிட அந்தப் பத்து நாட்களே கடினமாக இருந்தன என்றார். மூன்றாம் நாள் இரவு தாங்க முடியாமல் மாமியாரிடம் சொல்லிவிட்டாராம். "நான்கு மாதமாக இதை ஏன் தனியே சுமந்தாய்? நான் வந்திருக்க மாட்டேனா?" என்று அவர் கடிந்து கொண்டாராம். எதிர்பார்த்த கோபந்தான், காரணம் வேறு.

இரண்டாம் நிலை மாறுதல் என்று முடிவு வந்தது. அவ்விடத்தைக் குளிரால் உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை செய்தார்கள். அன்றே வீடு திரும்பிவிட்டார். சில வாரங்கள் நீர் போல் வெளிப்படும், ஒரு மாதம் தாம்பத்தியம் கூடாது, கடுங்காய்ச்சலோ அதிக இரத்தமோ கண்டால் உடனே வர வேண்டும், ஓராண்டு கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இப்போது சமையலறை நாட்காட்டியின் ஆணியிலேயே தொங்குகிறது.

அடுத்த முறை மாமியாரும் உடன் செல்லவிருக்கிறார். அவருக்கு வயது 54. இப்பரிசோதனையை அவர் இதுவரை ஒருமுறையேனும் செய்து கொண்டதில்லையாம்.