கற்பித்தல் தொகுப்பேடு

கற்பித்தல் தொகுப்பேடு என்பது ஓர் ஆசிரியர் எதை, ஏன், எவ்வாறு கற்பித்தார், அதனால் மாணவர்கள் என்ன கற்றனர் என்பதைச் சான்றுகளுடன் காட்டும் தொகுப்பாகும். ஆய்வு செய்துகொண்டே இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பும் பயிற்சி வகுப்பும் எடுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

பின்னணி

1983இல் டொனால்ட் ஷான், தொழில் செய்பவர் செயலின்போதும் செயலுக்குப் பின்னும் சிந்தித்தே தேர்ச்சி பெறுகிறார் என்று விளக்கினார். ஆசிரியர் பயிற்சியில் இக்கருத்து பெரிதும் எடுத்தாளப்பட்டது.

இந்தியாவில் பி.எட். மாணவர்கள் பாடத்திட்டம் எழுதி, பள்ளியில் கற்பித்துப் பழகி, அதற்குப் பதிவேடும் வைக்கின்றனர். கல்லூரி ஆசிரியராவதற்கு பி.எட். தேவையில்லை என்பதால் ஆய்வாளர்கள் பலருக்கு இப்பழக்கம் அமைவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வாளர்கள் கற்பித்தல், எழுதுதல் சார்ந்த பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி அளிக்கலாம் என்றும் கூறுகின்றன.

உள்ளடக்கம்

* கற்பித்தல் பற்றிய ஆசிரியரின் கொள்கை, ஓரிரு பக்கங்களில்
* எடுத்த வகுப்புகளின் பட்டியல், பாடத்திட்டம், வினாத்தாள்
* திருத்திய விடைத்தாள்களின் மாதிரிகள்
* மாணவர்களின் கருத்துகள், வகுப்பைப் பார்வையிட்டவரின் குறிப்பு
* அன்றன்று எழுதிய வகுப்புக் குறிப்புகள்

இவற்றுள் கடைசியானதே அடிப்படை. என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவேன் என்ற நான்கு கேள்விகளுக்கு அன்றே பத்து நிமிடத்தில் விடை எழுதினால் போதும்.

எடுத்துக்காட்டு

வடசென்னைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். புளியந்தோப்பு, வியாசர்பாடி போன்ற பகுதிகளிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர்கள் அமில-காரத் தரம்பார்த்தல் செய்கின்றனர். பலரின் அளவீடுகள் கூடுதலாக வருகின்றன. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் குறிப்பு அதோடு முடிந்துவிடும். கேட்டுப் பார்த்தால், ‘எண்ட் பாயிண்ட்’ என்பதை நிறம் முழுதாக ஏறும் நிலை என்று அவர்கள் புரிந்துகொண்டது தெரியவரலாம். அடுத்த வாரம் ஆய்வாளர் அச்சொல்லைத் தமிழில் விளக்கி, மறையாத வெளிர் இளஞ்சிவப்பு நிறக் கரைசல் ஒன்றை மாதிரியாக மேசையில் வைக்கிறார். இரு வாரங்களின் அளவீடுகளையும் அருகருகே வைத்தால், மாற்றம் பயன்பட்டதா என்பதற்கு அதுவே சான்று.

கவனிக்க வேண்டியவை

* மாணவர்களின் பெயர், பதிவெண்ணை நீக்க வேண்டும். விடைத்தாளைச் சேர்க்க அவர்களின் இசைவு பெற வேண்டும்.
* சான்றிதழ்களை மட்டும் அடுக்கினால் அது தொகுப்பேடு ஆகாது. பயிலரங்கில் கலந்துகொண்டதைவிட, அதனால் வகுப்பில் எது மாறியது என்பதே முக்கியம்.
* சரியாக அமையாத வகுப்பையும் சேர்க்கலாம். ஆசிரியர் மாணவர்களிடமிருந்து எதைக் கற்றார் என்பதை அதுவே தெளிவாகக் காட்டும்.
* பருவ இறுதியில் மொத்தமாக எழுதும் குறிப்பில் காரணங்கள் மறந்துபோயிருக்கும். நிகழ்ச்சிகள் மட்டுமே மிஞ்சும்.