எவ்வளவு? எவ்வளவு விரைவாக?
பொழியூர்க் கடற்கரையும் வீட்டுக் கடனும் கற்பிக்கும் நுண்கணிதம்

வீட்டுக் கடன் பெற்று ஐந்தாண்டுகள் தவறாமல் தவணை செலுத்திய வாடிக்கையாளர் ஒருவர், கணக்கு விவரத்தைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இவ்வளவு கட்டியும் அசல் ஏன் குறையவில்லை?" வங்கியில் பணிபுரியும் எவரும் இக்கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருப்பர். இதற்குரிய விடை நுண்கணிதத்தின் முதற்பாடத்தில் உள்ளது. பள்ளியில் பலரை அச்சுறுத்திய அப்பாடத்தைக் கடற்கரையில் தொடங்கினால் எளிதில் விளங்கும்.

கரை காட்டும் கணக்கு

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த மீனவர் ஊர் பொழியூர். அதற்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. ஆறு கடலோடு கூடும் முகத்துவாரத்தைப் 'பொழி' என்பது இப்பகுதி வழக்கு. நெய்யாறு சற்று வடக்கே பூவாறில் கடலை அடைகிறது. இக்கரையில் வாழ்வோர்க்குக் கடலரிப்பு ஆண்டுதோறும் வரும் அச்சம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தெழும் அலைகள் கரை மணலை வாரிச் செல்லும். கடல் அமைதியுற்ற மாதங்களில் மெல்லிய அலைகள் அம்மணலில் ஒரு பகுதியைத் திரும்பக் கொணரும். ஒரு வீட்டு வாயிலிலிருந்து நீர் விளிம்பு வரையுள்ள தூரத்தை அளப்பதாகக் கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் புனைந்துகொண்டவை. மே மாத இறுதியில் 40 மீட்டர். ஆகஸ்டு இறுதியில் 22 மீட்டர். அடுத்த மே இறுதியில் 38 மீட்டர்.

ஓராண்டில் கரை இழந்தது 2 மீட்டர் மட்டுமே. ஆண்டுச் சராசரியை நோக்குபவர், "இது பெரிய இழப்பன்று" என்பார். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மூன்று மாதங்களில் 18 மீட்டர் போயிற்று. அதாவது மாதத்திற்கு 6 மீட்டர். அக்காலத்திலும் கடல் கொந்தளித்த ஒரு வாரத்தில் மட்டும் 5 மீட்டர் போயிருக்கக்கூடும். வீட்டின் சுவர் இடிவது ஆண்டுச் சராசரியால் அன்று. அந்த ஒரு வாரத்தின் வேகத்தால்.

காலத்தைச் சுருக்கச் சுருக்க உண்மை வேகம் தெளிவாகிறது. ஆண்டு, மாதம், வாரம், நாள், மணி எனக் குறுக்கிக்கொண்டே சென்றால், ஒரு கணத்தில் நிகழும் மாற்றத்தின் வீதத்தை அடைவோம். கணிதம் அதனை 'வகைக்கெழு' என அழைக்கிறது. கரை குறையும்போது வகைக்கெழு எதிர்ம எண். கரை வளரும்போது நேர்ம எண். குறைதல் நின்று வளர்தல் தொடங்கும் அக்கணத்தில் சுழியம்.

தென்னையிலிருந்து விழும் தேங்காய்

"ஒரு கணத்தில் காலமே நகராதபோது வேகம் எங்ஙனம் இருக்கும்?" என்ற ஐயம் எழலாம். இதனைத் தீர்க்கத் தென்னை மரமே போதும். காற்றின் தடையைப் புறக்கணித்தால், விழும் தேங்காய் கடந்த தூரம் ஏறத்தாழ 5 × காலம் × காலம் எனலாம். காலம் விநாடியில், தூரம் மீட்டரில். முதல் விநாடியின் முடிவில் 5 மீட்டர். இரண்டாம் விநாடியின் முடிவில் 20 மீட்டர்.

சரியாக முதல் விநாடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? 1 முதல் 2 விநாடி வரை சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். 1 முதல் 1.1 வரை பார்த்தால் 10.5. 1 முதல் 1.01 வரை 10.05. 1 முதல் 1.001 வரை 10.005. இடைவெளி குறையக் குறைய விடை 10 என்னும் எண்ணை நெருங்குகிறது. இடைவெளியை எவ்வளவு வேண்டுமாயினும் சிறிதாக்கி, 10-க்கு எவ்வளவு வேண்டுமாயினும் அருகில் செல்லலாம். அந்த எண்ணே 'எல்லை'. அதுவே அக்கணத்தின் வேகம்.

இவ்வாறே எந்தக் கணத்திற்கும் கணக்கிட்டால், வேகம் 10 × காலம் எனக் கிடைக்கும். 20 மீட்டர் உயர மரத்திலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். தென்னையடியில் படுத்துறங்காதீர் என்று பெரியோர் எச்சரித்ததன் காரணம் இவ்வகைக்கெழுவில் அடங்கியுள்ளது.

நம் மண்ணில் எழுந்த சிந்தனை

நுண்கணிதம் என்றவுடன் 17ஆம் நூற்றாண்டின் நியூட்டனும் லைப்னிட்சும் நினைவுக்கு வருவர். அதனை முழுமையான முறையாக வகுத்த பெருமை அவர்களுக்கு உரியது. எனினும், 1150இல் 'சித்தாந்த சிரோமணி' இயற்றிய பாஸ்கரர், கோள்களின் 'தாத்காலிக கதி'யை, அதாவது அந்தந்தக் கணத்துக்குரிய வேகத்தைக் கணக்கிட்டார். கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவரும் அவர் வழிவந்தோரும் முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்தனர். அவ்வழியில் ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் 'யுக்திபாஷா'வை மலையாள உரைநடையில், நிறுவல்களுடன் எழுதினார். தாய்மொழியில் உயர்கணிதத்தை விளக்க இயலும் என்பதற்கு அந்நூல் அன்றே சான்றாயிற்று.

வேகத்தைக் கவனிப்பது உயிர் காக்கும்

வானிலை ஆய்வாளர்கள் காற்றழுத்தத்தின் அளவை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. கடந்த மூன்று மணி நேரத்தில் அது எவ்வளவு மாறியது என்பதையும் குறிக்கின்றனர். அழுத்தம் விரைந்து வீழுமாயின் அது புயலுக்கான அறிகுறி. 2017 நவம்பர் 29ஆம் நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30ஆம் நாள் முற்பகலுக்குள் புயலாக வலுப்பெற்றது. அதற்குள் பல படகுகள் ஆழ்கடலில் இருந்தன. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் குடும்பங்கள் பல அந்த நாள்களில் தம்மவரை இழந்தன. நிலைமை எவ்வாறுள்ளது என்ற கேள்வியுடன், எவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற கேள்வியும் எத்துணை இன்றியமையாதது என்பதை அப்புயல் உணர்த்தியது.

வருவதும் போவதும்

கரைக்கு மீண்டும் வருவோம். ஓரிடத்தில் மணலின் அளவு மாறும் வீதம் என்பது, வந்துசேரும் மணலின் வீதத்திலிருந்து வெளியேறும் மணலின் வீதத்தைக் கழித்தால் கிடைப்பது. கடலோர நீரோட்டம் மணலைக் கரை நெடுகக் கொண்டு செல்லும். வழியில் தூண்டில் வளைவு கட்டினால் ஒருபுறம் மணல் சேரும். மறுபுறத்துக் கரைக்கு வரவு குறையும். செலவு முன்போலவே தொடர்வதால் அங்கே கரை தேயும். மணலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆகையால் கடற்கரையின் ஒரு துண்டைத் தனியே காப்பது அரிது.

கடன் கணக்கும் இதே அமைப்புடையது. நிலுவையில் மாதந்தோறும் வட்டி வந்து சேர்கிறது. தவணை அதனைக் குறைக்கிறது. நிலுவை குறையும் வீதம் = தவணை − வட்டி.

எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய்க் கடன். ஆண்டு வட்டி 9 விழுக்காடு. காலம் 20 ஆண்டுகள். வட்டி இடையில் மாறவில்லை எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். முதல் மாத வட்டி 7,500 ரூபாய். ஆகவே அசல் குறைவது வெறும் 1,497 ரூபாய். அடுத்த மாதம் 1,508. அதற்கடுத்த மாதம் 1,520. தவணை மாறாதிருக்க, அசல் கரையும் வேகம் மாதந்தோறும் முக்கால் விழுக்காடு கூடுகிறது. ஐந்தாண்டுகளில் செலுத்திய தொகை சுமார் 5.40 லட்சம், குறைந்த அசல் சுமார் 1.13 லட்சம் மட்டுமே. பாதிக் காலமான பத்தாண்டுகள் கடந்தபின்பும் நிலுவை 7.10 லட்சம். தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குச் செல்லத் தொடங்குவது 13ஆம் ஆண்டின் இடையில்தான்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே. கணக்கில் பிழையில்லை, தொடக்க காலத்தில் வேகம் மிகக் குறைவு.

இதை உணர்ந்தவர்க்கு வழியும் புலப்படும். அதே வாடிக்கையாளர் முதல் மாதத்திலிருந்தே 1,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், தவணையில் ஏற்படும் உயர்வு 11 விழுக்காடு மட்டுமே. ஆனால் அசல் குறையும் வேகம் 1,497-லிருந்து 2,497 ஆகிறது. இது மூன்றில் இரண்டு பங்கு உயர்வு. 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் 186 மாதங்களில் முடியும். வட்டியில் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் மிச்சமாகும். இதே தொகையைக் கடைசி ஆண்டுகளில் கூடுதலாகச் செலுத்தினால் இவ்வளவு பயன் விளையாது. மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்துவதற்குத் தண்டக் கட்டணம் வசூலிக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கூடுதல் தொகையைச் செலுத்தும்போது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்குமாறு வங்கிக் கிளையில் எழுத்து மூலம் தெரிவிப்பது நன்று.

அடுத்த முறை கணக்கு விவரம் கைக்கு வரும்போது நிலுவைத் தொகையுடன் நின்றுவிடாமல், சென்ற மாத நிலுவையை அதனருகில் எழுதிக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு கழித்தல், உங்கள் கடன் எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதைக் காட்டும். நுண்கணிதத்தின் முதற்பாடமும் அதுவே.