கண்ணகி வாழ்ந்த பெண்ணா, வளர்ந்த கதையா?

வைகாசி பிறந்ததும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள கண்ணகி அம்மன் ஆலயங்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன. ஆண்டின் ஏனைய நாட்களில் பெரும்பாலும் மூடியே இருக்கும் இவ்வாலயங்களில் சில தினங்கள் மட்டும் சடங்கு நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்பட்டு, திருக்குளிர்த்தியுடன் சடங்கு நிறைவெய்தும். முல்லைத்தீவு வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காண மக்கள் திரள்வர். அதே தெய்வம் பத்தினி தெய்யோ என்ற பெயரில் கண்டி எசல பெரஹராவில் நான்கு தேவாலயங்களுள் ஒன்றின் அதிபதியாக ஊர்வலம் வருகின்றது. இவ்வாறு இரு மொழி பேசுவோரும், இரு சமயத்தவரும் கைகூப்பும் இத்தெய்வம் ஒரு காலத்தில் மண்ணில் நடமாடிய பெண்தானா? அன்றேல் கதையில் பிறந்து கோயிலுக்கு வந்தவளா?

இக்கேள்வி மிகப் பழைமையானது. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூஹெமெரஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், தெய்வங்கள் யாவரும் முன்னாளில் ஆண்ட மன்னர்களே என எழுதினார். அதற்குச் சான்றாக அவர் காட்டிய பொற்றூண் இந்து சமுத்திரத்திலுள்ள பன்கையா என்னும் தீவில் இருந்ததாம். அப்படியொரு தீவே கிடையாது என்பது வேறு விடயம். அவர் அரசன் என்று கூறிய சியூஸ் உண்மையில் வானத்தின் தெய்வம். வேதங்களில் வரும் 'த்யௌஸ்' என்ற சொல்லும் அப்பெயரும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என மொழியியலாளர் காட்டியுள்ளனர். ஆகவே யூஹெமெரஸ் தமது முதல் உதாரணத்திலேயே தவறிவிட்டார் எனலாம்.

எனினும் அவரது கருத்து முழுவதும் பிழையென்று தள்ளிவிட முடியாது. திருக்குர்ஆனின் சூரா நூஹ் 23ஆவது வசனம் வத், ஸுவாஃ, யகூஸ், யஊக், நஸ்ர் என்னும் ஐந்து சிலைகளைப் பெயர் கூறிக் குறிப்பிடுகின்றது. இவை நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தில் வாழ்ந்த நல்லடியார்களின் பெயர்கள் என்றும், அவர்கள் மறைந்தபின் நினைவுக்காகச் சின்னங்கள் நிறுவப்பட்டன என்றும், நினைவின் காரணத்தை அறிந்த தலைமுறை மறைந்ததும் அவையே வணங்கப்பட்டன என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அளித்த விளக்கம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனியும் சிலை வழிபாட்டின் தோற்றத்தை ஏறத்தாழ இவ்வழியிலேயே விளக்கினார்.

நமது நாட்டிலேயே இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. மின்னேரிக் குளத்தைக் கட்டிய மகாசேன மன்னன் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறியவன். மகாவிகாரையை இடிப்பித்தவன் என்று மகாவம்சம் அவன்மீது குறை கூறுகின்றது. ஆனால் குளத்து நீரால் வயல் விளைவித்த விவசாயிகள் அவனை மின்னேரி தெய்யோ ஆக்கி வழிபட்டனர். பிக்குகளின் ஏட்டில் குற்றவாளி, உழவரின் வாயில் தெய்வம்! அவன் வாழ்ந்தான் என்பதிலும் ஐயமில்லை; தெய்வமானான் என்பதிலும் ஐயமில்லை.

கண்ணகியின் நிலை இத்துணைத் தெளிவானதன்று. அவளைப் பற்றிய முழுமையான பழைய நூலாகிய சிலப்பதிகாரம் அவளைப் புகாரின் வணிகன் மாநாய்கனின் மகளாகவே அறிமுகப்படுத்துகின்றது. பிறப்பில் அற்புதம் எதுவுமில்லை. பிற்காலத்துக் கண்ணகி வழக்குரையிலும் சிங்களப் பத்தினிக் கதைகளிலுமோ அவள் மாங்கனியிலிருந்து பிறக்கின்றாள். பாண்டியனின் நெற்றிக்கண்ணை அவித்தவள் ஆகின்றாள். காலத்தால் முந்திய நூலில் மனிதத்தன்மை மிகுந்தும், பிந்தியவற்றில் தெய்வத்தன்மை மிகுந்தும் காணப்படுவது, உண்மைப் பெண்ணொருத்தியே தெய்வமாக வளர்ந்தாள் என்ற கட்சிக்கு வலுவூட்டுகின்றது.

காப்பியத்தின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கின்றது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் எனப் படிப்படியாகக் கூறும். வஞ்சிக் காண்டத்தின் காதைகள் இதே பெயர்களைத் தாங்கியுள்ளன. இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து கண்ணகிக்கு நிறுவுவது, ஆநிரை மீட்டு இறந்த வீரனுக்குச் செய்யும் கிரியையின் பேருருவே ஆகும். இத்தகைய கற்கள் வெறும் இலக்கியக் கற்பனையல்ல. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் கல். அவனைப் பாடிய காப்பியம் எதுவும் நமக்குக் கிட்டவில்லை.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. நற்றிணையின் 216ஆம் பாடல், ஒரு மார்பை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணி என்பவளை வேங்கை மரத்தோடு சேர்த்துக் குறிப்பிடுகின்றது. மதுரையில் ஒரு மார்பைத் திருகி எறிந்த கண்ணகியும் இறுதியில் சேரநாட்டு மலையில் வேங்கை நிழலிலேயே நிற்கின்றாள். பெயர் வேறு, நிகழ்வு ஒன்று. இளங்கோவுக்கு முன்னரே இப்படியொரு கதை மக்களிடையே உலவியது என்பதற்கு இது அடையாளம். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கணவன் இறந்து மீள்வதும் மனைவி புலம்புவதுமான மேற்காசியத் தாய்த்தெய்வச் சடங்குகளோடு இவ்வழிபாட்டைத் தொடர்புபடுத்தி, வழிபாடு முந்தியது, காப்பியம் பிந்தியது என வாதிட்டார். மேற்காசியத் தொடர்பு எனக்கு முழுதும் ஏற்புடையதன்று. ஆனால் சடங்கு கதைக்கு முந்தியிருக்கலாம் என்ற அவரது எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதல்ல.

இங்கு கயவாகு வருகின்றான். செங்குட்டுவன் எடுத்த விழாவில் கடல்சூழ் இலங்கை மன்னனும் கலந்துகொண்டான் எனக் காப்பியம் கூறுவதாலும், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கஜபாகு என்ற மன்னன் அநுராதபுரத்தில் ஆண்டதாலும், சங்க காலத்தைக் கணிக்கவே இச்செய்தி அடித்தளமாயிற்று. அரசன் உண்மையாயின் கண்ணகியும் உண்மை என்று பலர் வாதிடுவதுண்டு. இது தர்க்கத்தில் நிற்காது. உண்மை மன்னன் ஒருவனைக் கதையில் நுழைப்பது கதைசொல்லிக்கு எளிய காரியம். மகாவம்சத்தில் கஜபாகுவுக்கு இருபத்திரண்டு ஆண்டு ஆட்சியும் விகாரைத் திருப்பணிகளும் உண்டு. பத்தினி இல்லை, சோழநாட்டுப் படையெடுப்பும் இல்லை. பன்னீராயிரம் கைதிகளும் பத்தினியின் சிலம்பும் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த இராஜாவலியவில்தான் இடம்பெறுகின்றன. ஒரு சாரார் இவனைச் சோழரை வென்ற வீரனாகவும், மறு சாரார் தமிழ்த் தெய்வத்தை நாடிச் சென்ற விருந்தினனாகவும் மேடைகளில் முழங்கும்போது, இரண்டுக்கும் சமகாலச் சான்று இல்லை என்பதை எவரும் கூறுவதில்லை.

'வாழ்ந்த பெண்' என்ற கூற்று எப்போதும் பெருமையாகவே பயன்பட்டதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சமண வணிகப் பெண்ணொருத்தியைச் சைவர் வணங்கலாகாது எனக் கண்டித்தார். அதாவது கண்ணகி மானுடப் பெண் என்பதே அவருக்குக் குறையாகத் தோன்றிற்று. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னர் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எனப் பெயர் மாறின. கிழக்கில் அம்மாற்றம் அவ்வளவாக ஏற்படவில்லை. ஒரே கருத்து ஓரிடத்தில் கோயிலை எழுப்புகின்றது. இன்னோரிடத்தில் கோயிலின் பெயரை அழிக்கின்றது. பிறர் வணங்குபவரைக் 'கட்டுக்கதை' என்றோ 'வெறும் மனிதர்' என்றோ கூறித் தாழ்த்த முற்படுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

எல்லாச் சமயப் பெரியார்களையும் கண்ணகியின் நிலையில் வைத்து நோக்குவதும் தவறாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தார்கள். ஏறத்தாழ 640இல் எழுதப்பட்ட சிரிய மொழிக் கிறிஸ்தவக் குறிப்பொன்றிலேயே அன்னாரின் பெயர் வருகின்றது. இயேசுவின் மரண தண்டனையை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகின்றார். புத்தர் பிறந்த இடத்தை அசோகனின் லும்பினித் தூண் காட்டி நிற்கின்றது. இவர்கள் வாழ்ந்தமை வரலாறு. இவர்களுக்கு அருளப்பட்டது எது என்பது விசுவாசத்தின் எல்லைக்குள் அடங்கும்.

அந்தப் புத்தரின் கதைக்கு நேர்ந்த வேடிக்கையும் ஒன்றுண்டு. போதிசத்துவர் என்ற சொல் அரபியில் 'பூதாஸஃப்' ஆகி, ஒரு புள்ளி கூடியதால் 'யூதாஸஃப்' ஆயிற்று. ஜோர்ஜிய, கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கடந்து, அரச வாழ்வைத் துறந்த இந்திய இளவரசர் யோசபாத் என்ற புனிதராக, நவம்பர் 27ஐத் திருநாளாகக் கொண்டு ரோமத் திருச்சபையின் பட்டியலில் இடம்பெற்றார். ஊரும் பேரும் திருநாளும் இருந்தும், அப்பெயருடைய ஒருவர் வாழ்ந்ததில்லை. உண்மை மனிதரின் கதையிலிருந்தே இல்லாத மனிதரொருவர் உருவாகிவிட்டார்.

கண்ணகியைப் பொறுத்தவரை என் கணிப்பு இதுவே: கணவனை அநியாயமாக இழந்து, மார்பை அறுத்து உயிர்நீத்த ஒரு பெண்ணின் நினைவு எங்கோ இருந்திருக்கலாம், அதனோடு மழைக்கும் அம்மை நோய்க்குமான தாய்த்தெய்வ வழிபாடு ஒன்று கலந்தது, இரண்டையும் இளங்கோ இணைத்தார். தமிழகத்தின் தேனிக்கும் கேரளத்தின் இடுக்கிக்கும் இடைப்பட்ட மலைமீதுள்ள மங்கலதேவி கோயிலே செங்குட்டுவன் எழுப்பியது என நம்புவோர் உளர். சித்திரா பௌர்ணமியன்று பக்தர்கள் அங்கு ஏறிச் செல்கின்றனர். இரு மாநிலங்களும் அதற்கு உரிமை கோருகின்றன. அம்மலையில் என்றேனும் அந்தவனின் கல்லைப் போன்று பெயர் பொறித்த பழங்கல் ஒன்று கிடைக்குமாயின், கண்ணகி என்ற பெண்ணொருத்தி இறந்தபின் வழிபடப்பட்டாள் என்பது உறுதியாகும். மதுரை எரிந்ததா என்பதை அக்கல்லும் கூறப்போவதில்லை.