டயல் டோன் எங்கிருந்து வருகிறது?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தது. ஃபைபர் போட வந்த தம்பி, மாடிச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு வந்த ஒல்லியான கறுப்பு ஒயரை ஒரு வெள்ளைப் பெட்டியில் செருகினார். பழைய லேண்ட்லைன் போனின் ஒயரையும் அதே பெட்டியின் முதுகில் இருந்த சின்னத் துளையில் மாட்டினார். "எடுத்துப் பாருங்க ஐயா." அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய அதே ரீங்காரம். "எக்ஸ்சேஞ்ச் கிடைச்சிருச்சு" என்றார்.

கிடைக்கவில்லை. அந்தச் சத்தம் இரண்டடி தள்ளி, அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ளேயே உண்டாகிறது.

செம்புக் கம்பிக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகள் 48 வோல்ட் மின்சாரத்தை வீடு வரைக்கும் அனுப்பின. ரிசீவரை எடுத்தால் சுற்று மூடும், கரண்ட் ஓடும். 'யாரோ பேச வந்திருக்கிறார்' என்று தெரிந்துகொண்டு எக்ஸ்சேஞ்ச் டோன் கொடுக்கும். மணியடிக்க அங்கிருந்தே சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். போன் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்து 'சுரீர்' என்று வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபைபரில் வருவதோ வெறும் ஒளி. கண்ணாடி இழையில் கரண்ட் வராது. அதனால் வெள்ளைப் பெட்டி எக்ஸ்சேஞ்ச் வேடம் கட்டிக்கொள்கிறது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடிக்கொண்டே, அந்த மின்னழுத்தம், அந்த மணி, அந்த டோன் எல்லாவற்றையும் தானே தயாரிக்கிறது. போனுக்கு வித்தியாசம் தெரியாது. பாவம், நம்பிவிடுகிறது.

எல்லாப் போனிடமும் இந்த வேடம் முழுசாகப் பலிப்பதில்லை. பரணில் தாத்தாவின் கறுப்பு டயல் போன் கிடந்தது; பெங்களூரு ஐ.டி.ஐ. தயாரிப்பு, தூக்கி எறிந்தால் ஆள் விழுவார். ஆசைக்கு அதை மாட்டினேன். மணி கம்பீரமாக அடித்தது, பேச்சும் கேட்டது. ஆனால் எண் சுழற்றினால் டோன் அசையாமல் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் போனில் 7 சுழற்றினால் கரண்ட் ஏழு முறை அறுந்து அறுந்து போகும்; 0 என்றால் பத்து முறை. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணும். பட்டன் போனில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கின்றன: 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். எங்கள் பெட்டிக்குச் சுருதி மட்டும்தான் புரிகிறது.

கடைசி எண்ணை அழுத்திவிட்டு மூன்று நான்கு விநாடி ஒன்றும் நடக்காமல் இருக்கிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் எண்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். பெட்டியோ முழு எண்ணையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. இன்னும் எண் வருமா, முடிந்ததா என்று தெரியாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது. பல பெட்டிகளில் முடிவில் ஹாஷ் அழுத்தினால் இந்தக் காத்திருப்பு மிச்சம்.

எதிர்முனையில் எடுத்தவுடன் உண்மையான வேலை தொடங்குகிறது. பெட்டி நம் குரலை விநாடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஓர் அளவுக்கு 8 பிட். ஆக விநாடிக்கு 64,000 பிட். 1972-லேயே வகுத்த கணக்கு இது. செம்புக் கம்பிக் காலத்திலும் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் இதையேதான் செய்தன. மாறியிருப்பது பயணம். முன்பு ஒரு பேச்சுக்கு ஒரு பாதை, கடைசி வரை ஒதுக்கப்பட்டிருந்தது. குடும்பமே வேன் பிடித்துக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. இப்போது ஆளுக்கொரு டவுன் பஸ். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு ஒரு பொட்டலம்: 160 பைட் குரல், அதன்மேல் 40 பைட் விலாசம். விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் கிளம்புகின்றன. முன்னால் ஏறியவர் பின்னால் வந்து சேரலாம். ஒருவர் வராமலே போகலாம்.

கல்யாண மண்டப வாசலில் ஒருவர் நின்று, வந்தவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, வரிசைப்படுத்தி உள்ளே விடுகிறார். மறுமுனைப் பெட்டியில் அந்த வேலைக்கென்றே ஒரு சிறு தாங்கல் இருக்கிறது. அவர் அதிக நேரம் நிறுத்தவும் கூடாது. வாயிலிருந்து காதுக்குப் போக 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. அதை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் "சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள். தாமதமாக வந்த பொட்டலத்துக்கு உள்ளே இடமில்லை. தொலைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்வதும் வீண். வருவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். முந்தைய ஒலியை இழுத்து அந்த இடைவெளியைப் பெட்டி ஒப்பேற்றுகிறது. போனில் அத்தை சில நேரம் ரோபோ மாதிரி பேசுவது அதனால்தான்.

இப்படிப் பொட்டலம் கட்டும் யோசனை புதிதல்ல. 1974-லேயே டேனி கோஹனும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் அர்பாநெட் கம்ப்யூட்டர் வலையமைப்பில் குரலைப் பொட்டலமாக அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். 1995-இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் கம்ப்யூட்டருக்கான இன்டர்நெட் போனை விற்கத் தொடங்கியது. அன்றைய டயல்-அப் மோடத்தில் 64,000 பிட் போகாது; குரலை நசுக்கித்தான் அனுப்ப முடிந்தது. இந்தியாவில் 2002-இல் இன்டர்நெட் போனுக்கு அனுமதி கிடைத்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுப் போன் எண்களை மட்டும்தான் அழைக்க முடிந்தது; உள்நாட்டு எண்களை இப்படி அழைக்கும் வழி 2018-இல்தான் தெளிவானது.

ஃபைபர் பெட்டியிலேயே போன் மாட்டினால் தொல்லை குறைவு. போனுக்கென்று தனி அடாப்டர் வாங்கி ரூட்டருக்குப் பின்னால் வைப்பவர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்கள். மணி அடிக்கும், எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. அழைப்பைச் சேர்த்துவைக்கும் செய்தி ஒரு வழியிலும் குரல் வேறு வழியிலும் பயணிக்கின்றன. அடாப்டர் தன் விலாசமாகச் சொல்வது வீட்டுக்குள் மட்டும் செல்லும் விலாசம் என்பதால், அதை நம்பி வரும் குரல் வாசல் தெரியாமல் நிற்கிறது. நண்பர் ஒருவர் இதற்காக இரண்டு போன்களை மாற்றிப் பார்த்தார். கடைசியில் பார்த்தால், ரூட்டரில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்று ஒரு வசதி, உதவுவதாக நினைத்து விலாசத்தைக் குழப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் சரியானது.

இன்னொரு குறை கரண்ட். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சே சோறு போட்டது; ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் பேசும். வெள்ளைப் பெட்டி கரண்ட் போனால் செத்துவிடும். ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் ஒரு மினி யூ.பி.எஸ். வாங்கி மாட்டினேன்.

போன மாதம் மழையில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. அப்பா டார்ச்சோடு போய் ரிசீவரை எடுத்தார். "டோன் வருதே!" தங்கச்சிக்குப் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். வீட்டுப் பெட்டிக்கு யூ.பி.எஸ். இருந்தது, மூன்று தெரு தள்ளி, ஃபைபர் போய்ச் சேரும் கேபிள்காரர் அறையில் பேட்டரி தீர்ந்திருந்தது.

"டோன் வருதுடா, லைன்தான் போகல" என்றார் அப்பா, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல்.