கௌடியும் சோழியும்

வடநாட்டுக் கடைவீதிகளில் பேரம் பேசுங்கால், "கௌடி விலைக்குக் கேட்கிறீர்களே!" என்று வணிகர் சலித்துக்கொள்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். இவ்வாறு இகழப்படும் கௌடி யாது? நம் இல்லத் திண்ணைகளில் தாயமும் பல்லாங்குழியும் ஆடப் பயன்படும் சோழியே அது. சித்த மருத்துவர் இதனைப் பலகறை என்பர்.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் ஆழங்குறைந்த பவழப் பாறைகளிடையே வாழும் சிறு நத்தையின் ஓடே சோழி. உயிருள்ள நத்தை, தன் மேற்போர்வைத் தோலை இருபுறமும் விரித்து ஓட்டினை மூடிக்கொள்ளும். அத்தோல் சுண்ணப் பொருளைப் படியவைத்து, ஓட்டினை உராய்வினின்றும் காப்பதாலேயே மெருகிட்டாற்போன்ற பளபளப்பு உண்டாகிறது. முதிர்ச்சி அடைந்ததும் வாயின் விளிம்பு உட்புறமாகச் சுருண்டு, பற்கள் போன்ற வரிகள் தோன்றுகின்றன.

உறுதி, எளிதில் போலி செய்ய இயலாமை, எண்ணுதற்கு எளிமை ஆகிய இப்பண்புகளால் சோழி நாணயமாயிற்று. அதனைப் பெருமளவில் அளித்தது மாலத்தீவு. 1343-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற இபின் பதூதா, மக்கள் கடலிலிருந்து சோழிகளைத் திரட்டிக் கரையிலுள்ள குழிகளில் இடுவர் என்றும், தசை அழிந்தபின் எஞ்சும் வெள்ளோடுகளை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி பெறுவர் என்றும் எழுதியுள்ளார்.

வங்காளத்தில் 4 கௌடி ஒரு கண்டா. 20 கண்டா ஒரு பண். 16 பண் ஒரு காஹன். ஆக, ஒரு காஹனுக்கு 1,280 கௌடிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சில்ஹெட் பகுதியின் நிலவரியே கௌடியாகச் செலுத்தப்பட்டது. அங்கு ஒரு ரூபாய்க்கு 4 காஹன், அதாவது 5,120 கௌடிகள் எனக் கணக்கிட்டனர்.

ஒரிசாவை 1803-இல் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, வரியை வெள்ளி ரூபாயில் செலுத்துமாறு பணித்தது. விளைபொருளைக் கௌடிக்கு விற்றுவந்த குடியானவன், அக்கௌடியைக் கொடுத்து வெள்ளி வாங்க வேண்டியதாயிற்று. கௌடியின் மதிப்போ வீழ்ந்துகொண்டே வந்தது. ஆகவே வரியின் சுமை உயர்ந்தது. 1817-இல் குர்தாவில் பக்ஷி ஜகபந்து தலைமையில் பாயிக்கர்கள் கிளர்ந்தெழுந்தமைக்கு, நிலமிழப்பும் உப்பின் விலையேற்றமும் போலவே இதுவும் ஒரு காரணமாகும்.

இன்றும் வடநாட்டு இல்லங்கள் பலவற்றில் தீபாவளியன்று திருமகளின் திருமுன் கௌடியை வைத்து வழிபடுகின்றனர். கடைவீதியில் மதிப்பிழந்த கௌடி, பூசையறையில் இன்னும் செல்வமாகவே விளங்குகிறது.