காரின் மூட்டுக்குள் ஒரு ரப்பர்

நம் முழங்காலில் எலும்போடு எலும்பு உராயாமல் குருத்தெலும்பு காக்கிறதல்லவா? மோட்டார் காருக்கும் அப்படி ஒன்று உண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் ‘புஷ்’. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழில் கேட்டாலும் புஷ்தான்; இந்தப் பக்கம் மலையாளத்தில் கேட்டாலும் புஷ்தான். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகாக்கள் பிரிந்தன, உதிரி உறுப்புகளின் பெயர்கள் பிரியவில்லை!

பிழைக்க வந்து பாறசாலையில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டிலிருப்பது ஒரு பழைய மாருதி 800. அதன் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. அப்பாவின் வியாபாரமும் பாட்டியின் ஆஸ்பத்திரிப் பயணமும் அதை நம்பியே நடக்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக்’ என்ற ஓசை. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுப்பு. டயரின் உள்விளிம்பில் மட்டும் தேய்வு. இம்மூன்றும் சேர்ந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷை ஐயுறலாம். சென்ற விடுமுறையில் மாமாவும் நானும் முற்றத்திலேயே அதை மாற்றினோம்.

புஷ் என்பது யாது? வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒரு சிறு குழல், இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். நெய்யாற்றின்கரைத் தோட்டங்களில் மரத்திலிருந்து வடியும் பாலின் உறவினன்தான் அது. வெறும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்து சூடேற்றியபோது அக்குறை நீங்கியது. கந்தகம் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போடுகிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீள்கிறது. ஆயினும் வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும், சிந்தும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் அதை வெடிக்கவும் உப்பவும் செய்கின்றன.

வேலைக்கு வருவோம். பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கலாகாது. ஹாலோபிளாக் கல்லையும் நம்பலாகாது, அது திடீரென நொறுங்கும். சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெபிலைசர் கம்பியின் நட்டையும் பால் ஜாயிண்ட் போல்ட்டையும் உட்பக்கத்துப் போல்ட்டையும் எடுத்தால் ஆர்ம் கைக்கு வரும். பழைய புஷ் எவ்வளவு ஆழத்தில், எத்திசை நோக்கி இருந்தது என்று குறித்துக்கொள்க. நெருப்பு வைத்து ரப்பரை எரிப்போர் உண்டு. நச்சுப் புகை, இரும்புக்கும் நல்லதன்று. நாங்கள் நீண்ட போல்ட் ஒன்று, தடித்த வாஷர்கள், புஷ்ஷைவிடச் சற்று அகன்ற குழாய்த் துண்டு இவற்றைக் கோத்து நட்டைத் திருகினோம். பழையது மெல்ல வெளியே வந்தது. அவ்வாறே புதியதும் உள்ளே போயிற்று. வழுக்கச் சோப்புநீர் போதும். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். உட்பக்கத்துப் போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உட்குழல் வண்டியின் உடலோடு பிணைந்துவிடுகிறது. பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் சுழல்வது குழலன்று, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும். புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். ஆகவே போல்ட்டைக் கையளவில் மட்டும் திருகி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையிலிறக்கி, அதன் பாரம் முழுதும் ஆர்மின்மேல் வந்தபின்பே முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். அவசரப் பட்டறைகள் சிலவற்றில் இந்தப் பொறுமையைக் காண்பதில்லை. மாமா தரையில் சாய்ந்தபடி ஸ்பானரை நுழைக்கப் பட்ட பாடு தனிக் கதை!

இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நன்று. பின்னர் வீல் அலைன்மென்ட் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.